மகன் என்பதை மகள் என்று திருத்திப் படிக்கவும்

சின்னக் காஞ்சிபுரம்,
22-9-2008.

'கணித்துளி' மாத இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு,

தங்களுக்கும் தங்கள் அலுவலகத்தார் அனைவருக்கும், அச்சுப் பிழை திருத்துபவர் உட்பட, பேரருளாளன் கிருபையால் சகல க்ஷேமமும் உண்டாகட்டும். இங்கு நானும் என் மனைவி மரகதவல்லியும் எங்கள் ஒரே மகள் கோதாவும் சௌக்கியம். 'ஒரே மகள்' என்று நான் எழுதியிருப்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படித்துவிட்டு மேலே செல்லவும். இந்தக் கடிதம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் எழுத்தராகவும் தலைமை எழுத்தராகவும் இருந்து, சென்ற வருஷம் ஓய்வு பெற்றவன். 'மகள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மகன்' என்று விழுந்துவிட்ட ஒரே காரணத்துக்காகச் செவிலிமேட்டில் ஒரு குடும்பம் ஒன்றேகால் கிரவுண்டு மனைக்காகப் பதினான்கு வருஷம் வழக்காடியதைக் கண்ணால் பார்த்தவன். ஆகவே எந்தப் பத்திரம் என் மேசைக்கு வந்தாலும் அதிலுள்ள 'ன்'களையும் 'ள்'களையும் மூன்று தடவை விரல் வைத்துப் படிக்காமல் மேலே அனுப்பியதில்லை. என் மேசையைத் தாண்டிப்போன ஆயிரக்கணக்கான பத்திரங்களில் ஒரு பெண்ணும் ஆணாக மாறியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு, அறுபதாவது வயதில், தங்கள் ஆகஸ்ட் மாத இதழ் முப்பத்தேழாம் பக்கத்தில், இரண்டு ரூபாய் கூட அதிகம் வாங்காமல், தாங்கள் ஒரு மகனைக் கொடுத்திருக்கிறீர்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கோதா பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கி, ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்தாள். மடிக்கணினி இருந்தால் நல்லது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தட்டச்சு இயந்திரம் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நான்கு கடைகளில் விசாரித்தேன். நான்கு கடைக்காரர்களும் மற்ற மூவரையும் நம்பாதே என்றார்கள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அப்போதுதான் பஸ் நிலையத்தருகே பத்திரிகை விற்கும் முனுசாமி தங்கள் இதழைக் காட்டி, அதில் 'கணிமாமா' என்று ஒருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், நம்பி எழுதலாம் என்று சொன்னார். எழுதினேன். தபாலில் போடுமுன் கோதா வாங்கிப் படித்துவிட்டு, கேள்வி பாதிதான் இருக்கிறது, கொஞ்சம் விளையாடுவதற்கும் என்று சேர்க்க வேண்டும் என்றாள். என்ன விளையாட்டு என்று கேட்டேன். கார் ஓட்டுவது ஒன்று, கால்பந்து ஒன்று என்றாள். நான் தயங்கினேன் என்பதை மறைக்கவில்லை. ஒரு பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தில், வயதுக்கு வந்த பெண் கார்ப் பந்தயம் விளையாடுவாள் என்று அப்பாவே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா என்று யோசித்தேன்.

"படிக்கிறதுக்கு மட்டும்னு போட்டா அவர் படிக்கிறதுக்கு மட்டும்தான் சொல்லுவார்ப்பா. அப்புறம் நாலு வருஷம் அதை வெச்சுண்டு நான் என்ன பண்றது?" என்றாள் கோதா.

நியாயமாகத்தான் பட்டது. சேர்த்தேன். நான் அனுப்பிய கேள்வியின் நகல் இதோ என் முன்னால் இருக்கிறது: 'என் மகள் பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். அவள் படிப்பதற்கும் இடையிடையே இலேசாக விளையாடுவதற்கும் ஏற்ற மடிக்கணினி எது?' தாங்கள் அச்சிட்டது: 'என் மகன் பொறியியல் முதலாண்டில் சேர்ந்திருக்கிறான். அவன் படிப்பதற்கும்…' அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பராங்குசம், சின்னக் காஞ்சிபுரம்'. ஐயா, ஒரு இடத்தில் எழுத்து மாறியிருந்தால் கை தவறிவிட்டது என்று விட்டிருப்பேன். மூன்று இடத்திலும் ஒன்றுவிடாமல் மாறியிருக்கிறது. இது கை செய்த வேலை அல்ல, தலை செய்த வேலை. 'விளையாடுவதற்கும்' என்ற சொல்லைப் பார்த்ததும் தங்கள் அலுவலகத்தில் யாரோ ஒருவர், பாவம் கிழவர் குழம்பிவிட்டார் என்று இரக்கப்பட்டு, என் மகளைத் திருத்தியிருக்கிறார். எனக்கு அந்த இரக்கத்தின் பெயரும் பதவியும் தெரிந்தாக வேண்டும்.

கணிமாமாவின் பதில் அந்த மகனுக்குப் பிரமாதமாகத்தான் இருந்தது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு உள்ளதாகப் பார்க்கச் சொன்னார், இரண்டு ஜி.பி. நினைவகம், பதினைந்து அங்குலத் திரை, கொஞ்சம் கனமாக இருந்தாலும் பரவாயில்லை, பையன் நான்கு வருஷம் வைத்துக்கொள்வான், படித்துக் களைத்த பிள்ளை விளையாடட்டும், கஞ்சத்தனம் பார்க்காதீர்கள் என்றெல்லாம் எழுதி, மாடலின் பெயரையும் குறிப்பிட்டிருந்தார். ஆனால் அந்தப் பதிலை நான் படித்துப் பார்க்குமுன் ஊர் படித்துவிட்டது. முனுசாமிக்கு என் பெயர் அச்சில் வந்ததில் தாங்கமுடியாத பெருமை. அந்தப் பக்கத்தை விரித்து, துணி காயப்போடும் கிளிப்பால் கடையின் முன்னால் மாட்டிவைத்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு வேறு என்ன வேலை, படித்தார்கள். நான் போய் நின்றபோது, "நம்ம சாரு பேரு புக்குல வந்துக்கினு இருக்குது பா. சாருக்குப் பையன் இருக்குற விசயம் இத்தினி வருசமா எனக்கே தெரியாது," என்று என் எதிரிலேயே இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் கேலி இல்லை ஐயா. கேலியாக இருந்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவர் உண்மையாகவே எனக்காகச் சந்தோஷப்பட்டார்.

அன்று மாலை வரதர் சந்நிதியில் தீர்த்தம் கொடுத்தவர் என் கையில் தீர்த்தத்தை விட்டுக்கொண்டே, பையனுக்கு என்ன நக்ஷத்திரம் என்று கேட்டார். மறுநாள் காலை ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சுற்றிவளைத்துப் பேசி, தன் பேத்தி ஸுஷ்மா ஒன்பதாவது படிப்பதாகவும், இப்போது ஒன்றும் அவசரமில்லை என்றும், ஐந்தாறு வருஷம் கழித்து நல்ல இடமாகப் பார்க்கும்போது நம் ஞாபகம் இருக்கட்டும் என்றும் சொல்லி, ஜாதக நகலை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, எல்லார் வீட்டிலும் சில விஷயங்கள் இருக்கத்தான் செய்யும் என்றார். அவர் அப்படித் தட்டிக்கொடுத்ததை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதற்கு மறுநாள் கூரத்திலிருந்து என் மைத்துனர் வாசுதேவ் வந்தார். மரகதவல்லியின் அண்ணா. காப்பி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், அப்புறம் நிதானமாக, வீட்டுக் குடும்ப அட்டையை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டார். முப்பத்தொரு வருஷம் மற்றவர்களின் வாரிசுச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவனுடைய குடும்ப அட்டையை, ஐயா, என் மைத்துனர் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

என் மனைவி அந்தப் பக்கத்தை ஒரே ஒரு முறை படித்தாள். கோபிக்கவில்லை, அழவில்லை. கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே, "பையன் என்ன பிராஞ்ச்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அவள் என்னைச் சந்தேகிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று முதல் கறிகாய் வாங்கப் பணம் குறைவாகக் கொடுத்தால், "இன்னொருத்தனுக்கும் அனுப்பணுமே, பாவம்" என்கிறாள். இந்த மாதிரி வார்த்தையைக் கேட்க நேரும் என்று தெரிந்திருந்தால் நான் தங்கள் இதழை வாங்கியே இருக்க மாட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் கோதா மட்டும் அமைதியாக இருந்தாள். பதில் சரியாகத்தான் இருக்கிறது, மகனோ மகளோ, அந்த மாடலையே வாங்கிவிடலாம் என்றாள். நான்தான் ஒப்பவில்லை. பிழையுள்ள பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு நடவடிக்கையும் எடுக்கக்கூடாது, முதலில் பிழைதிருத்தல் வரட்டும், பிறகு வாங்கலாம் என்று சொல்லி, தங்களுக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பினேன். அதற்குள் கல்லூரியில் பாடங்கள் ஆரம்பமாகிவிட்டன. செவிலிமேட்டிலிருந்து வரும் ஏஞ்சல் என்ற பெண், கோதாவின் வகுப்பில் படிப்பவள், தன் கணினியை மதிய இடைவேளையில் இவளுக்குக் கொடுப்பாளாம். அந்த முக்கால் மணி நேரத்துக்குள் இவள் வரைபடத்தைப் போட்டு முடிக்க வேண்டும். சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். ஏன் சாப்பிடவில்லை என்று மரகதவல்லி கேட்டால் பசிக்கவில்லை என்றாள். இது என் பிடிவாதத்தால் வந்தது என்று தாங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு விதை போட்டது முப்பத்தேழாம் பக்கம்.

செப்டம்பர் இதழ் வந்தது. திருத்தமும் வந்தது. அதைப் படித்த பிறகுதான், ஐயா, ஆகஸ்ட் மாதம் எனக்கு வந்தது கோபமே இல்லை என்று தெரிந்துகொண்டேன். தாங்கள் எழுதியது வருமாறு: 'சென்ற இதழில் சின்னக் காஞ்சிபுரம் வாசகரின் கேள்வியில் மகன் என்பதை மகள் என்று திருத்திப் படிக்கவும். மகள் என்பதால் கணிமாமாவின் பதிலும் பின்வருமாறு திருத்தப்படுகிறது. கையில் எடுத்துச்செல்ல இலகுவான, சிறிய, அழகிய வண்ணத்தில் அமைந்த மடிக்கணினி போதுமானது. தனிக் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. பொழுதுபோக்குக்குக் கணினியுடன் வரும் சீட்டாட்டமே ஏராளம். மிச்சமாகும் தொகை மகளின் பிற்கால நற்காரியங்களுக்கு உதவும்.'

இதைக் கூடத்தில் நின்றபடி கோதாதான் உரக்கப் படித்தாள். தளிகை உள்ளில் சமைத்துக்கொண்டிருந்த மரகதவல்லி எட்டிப் பார்த்து, மெக்கானிக்கல் பாடமும் பெண்களுக்குச் சின்னதாக இருக்குமா என்று கேட்டாள். கோதா இதழை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய், வெகுநேரம் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் தொந்தரவு செய்யவில்லை.

இந்த இடத்தில் உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உண்மையை மறைத்த ஆவணம் செல்லாது. அந்தத் திருத்தத்தைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது வாஸ்தவம். ஆனால் ஆத்திரத்துக்கு அடியில், ஒரு ஓரத்தில், சின்னக் கணினி என்றால் விலையும் சின்னதுதானே என்று ஒரு எண்ணமும் ஓடியது. தங்கள் கணிமாமா பெரிய நிபுணர், அவரே போதும் என்கிறார், நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு, மறுநாள் கோதாவை அழைத்துக்கொண்டு ராஜ வீதியில் தர்மன் என்பவரின் கணினிக் கடைக்குப் போனேன். குடும்ப அட்டையைப் பார்த்துத் திருப்தியடைந்திருந்த வாசுதேவும் பரிகாரம் போலக் கூடவே வந்தார்.

தர்மன் எங்களைப் பார்த்ததும் கல்லாவுக்கு அடியிலிருந்து தங்கள் இதழ்கள் இரண்டையும் எடுத்து மேலே வைத்தார். "சார், எந்த மாசத்துப்படி வாங்கப் போறீங்க, ஆகஸ்டா செப்டம்பரா?" என்றார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அவருக்கு வியாபாரம். ஆகஸ்ட் பதிலைக் காட்டி அந்த மாடலை இந்த ஊரிலேயே மூன்று அப்பாக்கள் தங்கள் மகன்களுக்காக வாங்கிப் போயிருந்தார்களாம். என் மகளுக்குச் சொல்ல வேண்டிய பதிலால் மூன்று மகன்கள் பிழைத்தார்கள். நான் மெதுவாக, செப்டம்பர் என்றேன். கோதா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

செப்டம்பர்க் கணினி அழகாகத்தான் இருந்தது. சந்தன நிறம், மூடியில் ஒரு கொடி, கொடியில் இரண்டு பூ. எங்கள் ஊர்ப் புடவைக் கடையில் வைத்திருந்தால் முந்தானையைக் காட்டச் சொல்லியிருப்பார்கள். கோதா தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் கொடுத்து, இதிலுள்ள வரைபடத்தைத் திறந்து காட்ட முடியுமா என்று தர்மனிடம் கேட்டாள். கல்லூரிப் பிள்ளைகளுக்காக அந்த வரைபட மென்பொருளை அவர் கடையிலுள்ள எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவைத்திருந்தார். போட்டார். திறந்தது என்று சொல்ல முடியாது. திறக்க முயன்றது. அது முயன்றுகொண்டிருந்த நேரத்தில் வாசுதேவ் எதிர்க்கடையில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார், தர்மன் ஒருவருக்குப் பிரிண்டர் விற்று ரசீதும் போட்டுக் கொடுத்தார். பிறகு திரையில் ஒரு பல்சக்கரத்தின் பாதி தெரிந்தது. மற்றப் பாதி கடைசிவரை வரவில்லை. தர்மன் அதைத் தட்டினார், அணைத்தார், மறுபடி போட்டார். "இதுல லெட்டரு டைப் பண்ணலாம்மா, மெயில் பாக்கலாம். இந்த வேலைக்கு இது தாங்காது," என்று ஒப்புக்கொண்டார்.

அப்போது ஷோகேஸில் ஆகஸ்ட் மாடல் ஒன்று இருந்தது. நாலாவது அப்பா ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாராம், மாலையில் வந்து எடுத்துக்கொள்வாராம். தொட்டுப் பார்ப்பதில் தப்பில்லை என்று தர்மன் அதை எடுத்து வைத்தார். பென்டிரைவைச் சொருகியதும் பல்சக்கரம் முழுசாக வந்து நின்றது. கோதா அதைச் சுண்டெலியால் இப்படியும் அப்படியும் சுற்றினாள், உள்ளே திறந்து காட்டினாள், பற்களை எண்ணினாள். பிறகு என்னைக் கேட்காமலே கார் விளையாட்டைத் திறந்தாள். வாசுதேவ் பின்னால் நின்று, வளைவு வருகிறது பிரேக் போடு பிரேக் போடு என்று பதறினார். அந்த வளைவுக்குப் பிரேக் தேவையில்லை மாமா என்றாள். தேவையிருக்கவில்லை. முதலாவதாக வந்தாள். கடைக்கு வந்திருந்த இரண்டு பையன்கள் கைதட்டினார்கள். அதில் ஒருவன் ஆகஸ்ட் மகன்களில் ஒருவனாம், சார்ஜர் மாற்ற வந்திருந்தான்.

கோதா எழுந்தாள். நான் இன்னும் அந்தச் சந்தன நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"அப்பா, ஆகஸ்ட்ல எனக்கு என்ன மார்க்கோ, செப்டம்பர்லயும் அதே மார்க்தான். அதே காலேஜ், அதே சிலபஸ். ஒரு எழுத்துதான் மாறித்து. அதுக்கு நீங்களுமா என்னைச் சின்னதாக்கணும்?" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் தர்மன் தலையைக் குனிந்துகொண்டு பிரிண்டர் ரசீதுகளை அடுக்க ஆரம்பித்தார். வாசுதேவ் வெளியே பார்த்தார். ஐயா, எனக்கு அப்போது யார்மேல் கோபம் வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என் மூன்று 'ள்'களைத் தங்கள் அலுவலகத்தில் யாரோ மாற்றினார், சரி. கடையில் 'செப்டம்பர்' என்று சொன்னது நான்தானே. விரல் வைத்துப் படிக்கிற பழக்கம் எல்லாம் தாளில் எழுதியிருப்பதற்கு மட்டும்தான் போலிருக்கிறது. அங்கேயே நின்று, ஆகஸ்ட் மாடலையே வரவழையுங்கள் என்று தர்மனிடம் சொன்னேன். சென்னையிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார். ஆகஸ்டிலேயே கேட்டிருந்தால் கடையிலேயே இருந்திருக்கும் என்றும் சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சென்ற வியாழக்கிழமை கணினி வந்தது. இரண்டே முக்கால் கிலோ. வெள்ளிக்கிழமை காலை முதல் நாளாயிற்றே என்று நானே பையைத் தூக்கிக்கொண்டு ஏனாத்தூர் பஸ் வரைக்கும் போனேன். பாதி வழியில் தோள் மாற்ற நின்றேன். கோதா அதை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே போனாள். அன்று சாயங்காலம் டப்பா காலியாக வந்தது. மரகதவல்லி அதைக் கழுவாமல் சற்று நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இது கணினி வாங்கிவிட்ட ஒருவன் ஓய்ந்து எழுதும் கடிதம் அல்ல. இப்போதுதான் எனக்கு எழுத நேரம் கிடைத்திருக்கிறது. என் கோரிக்கைகள் இவை. எனக்கு மகன் இல்லை, எந்த ஊரிலும் எந்தக் கல்லூரியிலும் இல்லை, இருந்ததும் இல்லை என்று அடுத்த இதழில் கட்டம் கட்டி, ஆகஸ்டில் என் பெயரைப் போட்ட அதே கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும். அத்துடன் மகனுக்குச் சொன்ன பதில்தான் மகளுக்கும் பதில் என்று கணிமாமா தன் கையெழுத்துடன் எழுத வேண்டும், 'நற்காரியங்கள்' என்ற வரியை அடித்துவிட வேண்டும். மேலும் கணிமாமா என்பவர் யார், எந்தப் பெண்ணிடமாவது ஒருமுறையேனும் பல்சக்கரத்தைப் பற்றிப் பேசிய அனுபவம் அவருக்கு உண்டா என்பதையும் தெரிவிக்க வேண்டும். பதினைந்து நாட்களுக்குள் இவை நடக்காவிட்டால் நுகர்வோர் மன்றத்தை நாடுவேன். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, எழுதிப் பழகிய கையும் இருக்கிறது. என் தெருவில் இரண்டு பேர் தங்கள் சந்தாதாரர்கள், அவர்களிடமும் பேசுவேன்.

கடுமையாக எழுதிவிட்டேனே தவிர, தங்கள் இதழ் மேன்மேலும் வளர்ந்து பல்லாண்டு வாழ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தங்கள் குடும்பத்தில் குழந்தைகள் இருந்தால், ஆணோ பெண்ணோ, சரியாக விசாரித்துக்கொண்டு, அவர்களுக்கு என் ஆசிகளைத் தெரிவிக்கவும். வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
பராங்குசம்
(தலைமை எழுத்தர், ஓய்வு)

பி.கு.: கடிதத்தை ஒட்டிய பிறகு உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கிழிசலைப் பொருட்படுத்த வேண்டாம்.

இன்று மதியம், நான் உள்ளே உட்கார்ந்து தங்களுக்கு இதே கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு எண்ணுக்கு ஒரு பதிவுத் தபால் வந்திருக்கிறது. பெறுநர் 'செல்வன் வசிஷ்ட்'. அனுப்பியவர் தங்கள் கணிமாமா. திருத்தம் வந்த அன்றே கோதா, வசிஷ்ட் என்ற பெயரில் அவருக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள்: மெக்கானிக்கல் படிக்கிறேன், கார்ப் பந்தயமும் விளையாடுவேன், காஞ்சிபுரம் பெண்ணுக்கு நீங்கள் சொன்ன சின்னக் கணினி எனக்குப் போதுமா என்று. அதற்கு நாலு பக்கப் பதில். 'தம்பி, அது ஒரு பெண்பிள்ளைக்காகச் சொன்னது, உனக்கு அது போதாது' என்று ஆரம்பிக்கிறது. உன்னைப்போல் விஷயம் தெரிந்தவர்கள் எழுத வேண்டும், மாதாமாதம் மாணவர் பக்கத்தில் நீ எழுது, சன்மானமும் உண்டு என்று முடிகிறது. சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்ததும் கோதா ஒப்புக்கொண்டாள். என் துறையில் இதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர். ஆறு மாதம் சிறையில் போடலாம். நான் கண்டிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவள் கணிமாமாவின் பதிலையும் செப்டம்பர் இதழையும் அருகருகே வைத்து, எதைக் கண்டிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள்.

ஆனால் நான் உறையைப் பிரித்ததற்குக் காரணம் அதுவல்ல. தபால்காரர் வாசலில் நின்று, பையன் ஊருக்கு வந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறார். எதிர் வீட்டு மாமி வாசலில் வடாம் காயவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வசிஷ்ட் யாரென்று மரகதவல்லிக்கு அந்த நிமிஷம் வரை ஒன்றும் தெரியாது. அவள் அந்த உறையைப் பார்த்தாள், "காலேஜ் போயிருக்கான். எங்கிட்ட குடுங்கோ," என்று சொல்லி, ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் உறவுமுறையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். 'தாயார்' என்று. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"இத்தனை மரியாதையா நம்மாத்துக்கு யாரு எழுதியிருக்கா? ஆளில்லைன்னு திருப்பி அனுப்பச் சொல்றேளா?" என்றாள்.

ஆசிரியர் அவர்களே, அரசாங்கத் தபாலில், சாட்சி முன்னிலையில், தாயார் கையொப்பமிட்டாயிற்று. அதை எதிர்த்து எந்த அலுவலகத்திலும் நிற்க முடியாது என்பது என் முப்பத்தொரு வருஷ அனுபவம். நான் இப்போது எனக்கு மகன் இல்லை என்று அறிவித்தால் என் மனைவி பொய் சொன்னவளாவாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனவே மேற்கண்ட கோரிக்கைகள் அனைத்தையும் நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன். நுகர்வோர் மன்றம் என்று எழுதியதையும் படிக்காததாகக் கொள்ளவும். ஒரு வருஷச் சந்தாவுக்கான மணியார்டர் நாளை புறப்படும்.

மாணவர் பக்கத்துக்கான முதல் கட்டுரை வெள்ளிக்கிழமைக்குள் தங்களுக்குக் கிடைக்கும். எழுதியவர் பெயர் கோதா என்றுதான் இருக்கும், அதை மாற்ற மாட்டேன் என்கிறாள். இவள் யாரென்று கணிமாமா கேட்டால், வசிஷ்டுடைய அக்கா என்று சொல்லிவிடுங்கள்.